ரஞ்சினி வீட்டு இடியப்பம்

மெல்பேர்ன் புறநகரான டார்னெய்ட்டில் ரஞ்சினி இடியப்பப் பெட்டியோடு யார் வீட்டு வாசலிலாவது வந்து நின்றால், அந்த வீட்டுக்காரருக்கு எங்கேயோ யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பொருள். ஒருமுறை மகளின் பிறந்தநாள் சாப்பாடு மிஞ்சிவிட்டதே என்று, உண்மையாகவே சும்மா, மூன்றாம் தெருவிலிருந்த ஒரு குடும்பத்துக்குக் கொண்டுபோனாள். கதவைத் திறந்த மனுசி பெட்டியைக் கண்டதும் "ஐயோ, அம்மாவோ, அப்பாவோ?" என்று வாசற்படியிலேயே குந்திவிட்டாள். ரஞ்சினி எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வீடியோ கோல் எடுத்து இருவரின் முகத்தையும் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

ரஞ்சினிக்கு இது மனவருத்தம்தான். ஆனால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருக்காதா பின்னே? முப்பது வருடமாக மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் சாவுச் செய்தி சொல்லத் தெரிந்த ஆள் என்றால் அவள்தான். யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ ஒருவர் கண்ணை மூடினால், உறவினர்கள் சம்பந்தப்பட்டவருக்குப் போன் அடிப்பதில்லை. ரஞ்சினிக்குத்தான் அடிப்பார்கள். "நீங்கள்தான் பக்குவமாச் சொல்லவேணும்" என்பார்கள். பழியை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள்.

தொடக்கம் ஒரு கோழித் தொழிற்சாலையில். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அவளோடு பக்கத்தில் நின்று கோழி வெட்டிய ஒரு பெண்பிள்ளையின் தம்பி ஊரில் ஷெல் விழுந்து இறந்துபோனான். சூப்பர்வைசர் வெள்ளைக்காரன் செய்தியை ரஞ்சினியிடம் சொல்லிவிட்டு, தானே அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லப் பயந்து ஒளித்துக்கொண்டான். ரஞ்சினி அந்தப் பிள்ளையின் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். கன்ரீனுக்குக் கூட்டிப்போய் வயிறு நிறையச் சாப்பிட வைத்தாள். சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி. பிறகு "தம்பிக்குச் சுகமில்லையாம்" என்று தொடங்கினாள். வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது "காயம் கொஞ்சம் பெரிசாம்". வீட்டு வாசலில்தான் முழுதும் சொன்னாள். அந்தப் பிள்ளை அவளைக் கட்டிப்பிடித்து அழுதது. அன்றைக்கு ரஞ்சினி தன் தொழிலைக் கண்டுகொண்டாள்.

அவளுடைய முறை எப்போதும் அதுதான். முதலில் சாப்பாடு. செய்தி கேட்ட பிறகு மூன்று நாளைக்கு ஒன்றும் இறங்காது. ஆகவே இடியப்பமும் சொதியும், தொண்டையில் தானாய் வழுக்கிக்கொண்டு போகிற சாமான். பிறகு போனைக் கையில் இருந்து வாங்குவது. பிறகு படிப்படியாக: சுகமில்லை, ஆஸ்பத்திரி, ஐசியூ, டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். சிலருக்கு அரை மணித்தியாலத்தில் முடிப்பாள். சிலருக்கு இரண்டு நாள் எடுப்பாள். அந்த இரண்டு நாளும் அவர்கள் பிணத்துக்காகச் சாமியிடம் உயிர்ப்பிச்சை கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுக்கு உறைத்ததே இல்லை.

உறைக்கும்படி சொன்னவர் ஒரே ஒரு ஆள். ஒஸ்லோவிலிருந்த வரதராஜன். ரஞ்சினியின் அக்கா சத்தியபாமாவைக் கட்டியவர் விக்னராஜா. அவருடைய கூடப்பிறந்த தம்பி இந்த வரதராஜன். தொண்ணூற்றெட்டில் இவர்களுடைய தாய் ஊரில் செத்துப்போனபோது, செய்தி கொழும்பு வழியாக மெல்பேர்னுக்குத்தான் வந்தது. விக்னராஜா வாயடைத்துப்போய் இருந்தபடியால் ரஞ்சினிதான் நோர்வேக்குப் போன் எடுத்தாள். பனிக்காலம், தனி அறை, புதிதாய் வந்த அகதி; எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் இழுத்தாள். நாலாம் நாள்தான் அம்மாவை எரித்து ஐந்து நாளாகிறது என்று வரதராஜனுக்குத் தெரிந்தது. அவர் அதற்குள் தாய் பிழைக்கவேண்டும் என்று பச்சைத்தண்ணீர் குடியாமல் மூன்று நாள் விரதம் இருந்திருந்தார். "உங்கடை வாயாலை இனி எனக்கு ஒண்டும் வரக்கூடாது" என்று போனை வைத்தவர்தான். இருபத்தேழு வருடம் ரஞ்சினியோடு ஒரு வார்த்தை இல்லை. வீடியோவில் அவள் தலை தெரிந்தால் எழுந்து போய்விடுவார்.

அந்த வரதராஜனின் மகளுக்குப் போன டிசம்பரில் ஒஸ்லோவில் கலியாணம். பாமாவுக்குப் பிரஷர், முழங்கால் ஒப்பரேஷன் வேறு, அவள் போகவில்லை. விக்னராஜா மட்டும் போனார். மெல்பேர்ன் புறநகர் ரயில்களை இருபத்தாறு வருடம் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். இருபத்துநாலு மணித்தியாலம் விமானத்தில் காலை மடக்கிக்கொண்டு இருந்ததில் காலுக்குள் இரத்தம் கட்டிவிட்டது. கலியாணத்தன்று கால் வீங்கி மண்டபத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்று அங்குள்ள டொக்டர் சொன்னார்.

மூன்று மாதம் தம்பி வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடக்கிற ஆளா விக்னராஜா? பிளேனில்தானே போகக்கூடாது என்றார், ரயிலையும் கப்பலையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று வாதாடினார். ஒஸ்லோவிலிருந்து கோப்பன்ஹேகன், ஹம்பேர்க், பாசல், அங்கேயிருந்து மலையைக் குடைந்துகொண்டு போகிற ரயிலில் ஜெனோவா. ஜெனோவாவில் கப்பல். செங்கடல் பக்கம் சண்டை என்பதால் கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மார்ச் தொடக்கத்தில் சிட்னிக்கு வரும். சிட்னியிலிருந்து மறுபடியும் ரயில். ஓய்வூதியத்தில் சேர்த்ததைக் கொட்டினார். ஜன்மத்திலேயே பிள்ளைகுட்டி இல்லாத மனிதர், யாருக்குச் சேர்ப்பது? "இவருக்குக் கால் வருத்தம் ஒரு சாட்டு. ஊர் ஊரா ரயில் பாக்கிற ஆசை" என்று பாமா ரஞ்சினியிடம் சொல்லிச் சிரித்தாள். அது அவள் சிரித்த கடைசிச் சிரிப்புகளில் ஒன்று.

விக்னராஜா ஹம்பேர்க்கில் பள்ளிக்கூடத் தோழன் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது, டார்னெய்ட்டில் பாமா குசினிக்குள் விழுந்தாள். தலைக்குள் இரத்தம் வெடித்துவிட்டது. ரஞ்சினி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். ஓடி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அடுத்த நாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது. ரஞ்சினி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதாள். அவளுக்குப் பக்குவமாய்ச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் அவள் முதலில் செய்த காரியம் பாமாவின் போனை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தது.

"சித்தப்பாவுக்குக் கோல் எடுங்கோ அம்மா" என்றாள் மகள் மிருணாளினி. அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர்.

முறைப்படி பெரியப்பா என்றுதான் கூப்பிடவேண்டும். சின்ன வயதில் பழகிய வாய், அப்படியே நின்றுவிட்டது.

"இப்ப வேண்டாம்."

"வாட் டு யூ மீன், இப்ப வேண்டாம்? அவரின்ரை வைஃப்."

"தனிய நிக்கிற மனுசன். காலுக்குள்ளை கட்டி. சொன்ன அந்த நிமிஷமே பிளேன் ஏறுவார். ஏறினா நடுவானத்திலை அதுவும் போகும். எனக்கு ஒரு மாசத்திலை ரெண்டு சாவு பாக்க ஏலாது."

"மருந்து ஊசி இருக்கு, டொக்டரோடை கதைச்சு வரலாம். நான் ஒழுங்கு செய்யிறன். ஹீ ஹாஸ் எ ரைட், அம்மா."

"உன்ரை ரைட்டைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலை வை. எத்தினை பேருக்குச் சொன்ன வாய் இது. எப்ப சொல்லவேணும் எண்டு எனக்குத் தெரியும்."

அதில் பொய் இல்லை. அவள் உண்மையாகவே அவரைக் காப்பாற்றத்தான் நினைத்தாள். ஆனால் வேறொன்றும் கூட இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு நீளமான வேலை அவளுக்கு வந்ததில்லை. ஐம்பது நாள். கடல் கடந்து வருகிற ஒரு மனிதனைத் துக்கம் தீண்டாமல் வீட்டுக் கதிரை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது. அவள் கைதேர்ந்தவள், அந்தக் கை துடித்தது.

எல்லோருக்கும் கட்டளை போட்டாள். இணையத்தில் மரண அறிவித்தல் கூடாது. முகநூலில் ஒரு பூப்படம் கூடக் கூடாது. வானொலிக்குச் சொல்லக்கூடாது. டார்னெய்ட்டும் சுற்றியிருந்த ஊரும் அப்படியே கீழ்ப்படிந்தன. இப்படியான விஷயத்தில் நம் ஆட்களைப் போல ஒற்றுமையாய் நிற்கிறவர்கள் உலகத்தில் இல்லை. கோயில் கட்டச் சொன்னால் மூன்றாய்ப் பிரிவார்கள். ஒருவனிடமிருந்து சாவை மறைக்கச் சொன்னால் ஒரே குரல்.

பாமாவின் போனில் கணவரின் எண் "இவர்" என்று பதிந்திருந்தது. பேர் சொல்லாத பழக்கம் போனுக்குள்ளும் போயிருந்தது. ஹம்பேர்க்கிலிருந்து "இவர்" எழுதினார்: "நாளைக்கு வெளிக்கிடுறன். மருந்து போட்டனீரோ?" ரஞ்சினி பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளி வாசித்து, அக்காவின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதினாள்: "போட்டனான். நீங்கள் காலை நீட்டி இருங்கோ." அவர் கோல் எடுத்தார். ரஞ்சினி அதை எடுக்கவில்லை. "தொண்டை கட்டிப்போச்சு, கதைக்க ஏலாது, எழுதுங்கோ" என்று அனுப்பினாள். அவர் ஒரு ரயில் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். நல்ல நீலப் பெட்டி.

பொங்கலுக்கு அடுத்த நாள் பாமாவின் செத்தவீடு. காலை பத்து மணிக்கு ஐயர் தொடங்கினார். பெட்டி திறந்திருந்தது. ரஞ்சினி தலைமாட்டில் நின்றாள். அப்போது அவளுடைய கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பையைச் சற்றுத் திறந்து பார்த்தாள். "இவர்." அடித்து ஓய்ந்தது. ஐயர் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் தரம் அடித்தது. அங்கே இப்போது நடுச்சாமம், இந்த மனுசன் நித்திரை கொள்ளாமல் என்ன செய்கிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். அக்காவின் வாய்க்கு அரிசி போடுகிற நேரம் மூன்றாம் தரமும் அடித்தது. மிருணாளினி எதிரிலிருந்து அவளைப் பார்த்தாள். ரஞ்சினி பையின் சிப்பை இழுத்து மூடினாள். நடுச்சாமத்தில் ஒருவர் சும்மா மூன்று தரம் அடிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு பார்க்கலாம் என்று விட்டாள்.

வீட்டுக்கு வந்து "நித்திரையாய்ப் போனன், என்ன விஷயம்?" என்று எழுதினாள். பதில் இல்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. யாரோ சொல்லிவிட்டார்கள் என்று பயந்து மூன்று வீட்டுக்குப் போன் எடுத்துச் சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. "இஞ்சை நெற் சரியில்லை. சுகமாயிருக்கிறன். யோசிக்காதையும். தொண்டை எப்பிடி?" ரஞ்சினி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அதன் பிறகு அவர் கோலே எடுக்கவில்லை. கப்பலில் எழுத மட்டும்தான் ஏலும், கதைக்கக் காசு கூட என்று எழுதினார். அவள் கேட்காமலே வந்த வரம் அது. படங்களும் குறைந்தன. வந்த ஒன்றிரண்டிலும் ஸ்டேஷனும் பனி மலையும் இருந்தன, அவர் இருக்கவில்லை. தன்னைத் தான் படம் எடுக்கத் தெரியாத மனுசன் என்று அவள் சிரித்தாள்.

ஆனால் எழுத்து மாறிவிட்டது. கலியாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் பாமாவுக்கு விக்னராஜா எழுதியதெல்லாம் மருந்து போட்டீரோ, குப்பைவாளி வெளியில் வைத்தீரோ, பில் வந்ததோ என்பவைதான். போனிலே அதுதான் பக்கம் பக்கமாய் இருந்தது. கடலுக்குப் போன மனிதன் வேறு மாதிரி எழுதினார். "இண்டைக்குக் கடல் சரியான அமைதி. உம்மைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்." இன்னொரு நாள்: "என்னோடை இருந்து நீர் என்னத்தைக் கண்டீர் எண்டு யோசிச்சன். நான் ஒரு நல்ல சொல்லுச் சொன்னதில்லை. மன்னியும்." ரஞ்சினி அதைக் குசினியில் நின்றபடி வாசித்தாள். அக்காவுக்காக அழுதாள். இதை வாசிக்க ஒரு மாதம் கூட இருக்காமல் போனாளே என்று அழுதாள். தனக்காகவும் கொஞ்சம் அழுதாள். அவளுடைய புருஷன் பதினோரு வருடத்துக்கு முன் செத்தவர். அவரும் குப்பைவாளி ஆள்தான்.

பிறகு அவள் பதில் எழுதினாள். முதலில் அக்கா எழுதுவது போல. போகப்போக அக்கா எழுதியிருக்கக்கூடிய மாதிரி. பிறகு தனக்கு வந்த மாதிரி. "நீங்கள் சொல்லாட்டிலும் எனக்குத் தெரியும்." "நீங்கள் வந்தாப்பிறகு ரெண்டு பேருமா ரயிலிலை எங்கையாவது போவம்." காலையில் எழுந்ததும் முகம் கழுவுமுன் போனைப் பார்ப்பாள். பதில் பிந்தினால் கோபம் வரும். அக்காவின் முப்பத்தோராம் நாள் வந்தது. அந்தியேட்டி செய்து, அவளை எரித்த சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த கையோடு, கால் மணலைத் தட்டிக்கொண்டு, "இண்டைக்குச் சந்தோஷமா இருக்கிறன், பீச்சுக்குப் போட்டு வந்தனான்" என்று எழுதினாள்.

மிருணாளினி அதைப் பார்த்துவிட்டாள். "யூ ஆர் சிக், அம்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். இரண்டு நாள் தாயோடு கதைக்கவில்லை.

மார்ச் மாதம் ஆறாம் திகதி, கப்பல் சிட்னிக்கு வந்து, அவர் பகல் ரயிலில் மெல்பேர்னுக்கு வந்து சேரவேண்டிய நாள். "ஸ்டேஷனுக்கு ஒருத்தரும் வரவேண்டாம். வீட்டிலை நில்லும். நான் வாறன்" என்று எழுதியிருந்தார். ரஞ்சினி காலையிலேயே பாமாவின் வீட்டுக்குப் போனாள். சுவரிலிருந்த மாலை போட்ட படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். குத்துவிளக்கை ஒளித்தாள். இடியப்பம் அவித்தாள், சொதி வைத்தாள், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி. முதல் படி: அக்காவுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியில். இரண்டாம் படி, சாப்பிட்ட பிறகு. எல்லாம் மனத்துக்குள் அடுக்கிவிட்டாள். மகளுக்கு வேலை, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஏழு மணிக்கு வரவேண்டியவர். ஐந்து மணிக்கே பெல் அடித்தது. கதவைத் திறந்தாள்.

வாசலில் நின்றது வரதராஜன். தலை முழுக்க வெள்ளை, தோளில் ஒரு சின்னப் பை, கையில் ஸ்டேஷனடித் தமிழ்க்கடைச் சாப்பாட்டுப் பார்சல். ரஞ்சினி அவரைத் தாண்டி, பின்னால் தெருவைப் பார்த்தாள். டாக்சி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனைத் தனிய விடாமல் தம்பியும் கூட வந்திருக்கிறார், கார் எங்கேயோ நிற்கிறது என்று நினைத்தாள். அவரோ அவளைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தார்.

"அண்ணி எங்கை?"

"உள்ளை. படுத்திருக்கிறா. கொஞ்சம் சுகமில்லை. அத்தான் எங்கை?"

"பின்னாலை வாறார். நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"நீங்கள்தானே தூரத்திலையிருந்து வாறியள். வாங்கோ, முதல் சாப்பிடுங்கோ. பிறகு கதைப்பம்."

"இல்லையில்லை. எல்லாருக்கும் வாங்கிக்கொண்டு வந்தனான். அண்ணியையும் எழுப்புங்கோ. முதல் நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ. பிறகு கதைப்பம்."

அவர் பார்சலை மேசையில் வைத்துப் பிரித்தார். இடியப்பமும் சொதியும். ரஞ்சினி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய கை மேசையிலிருந்த பாமாவின் போனைத் தொட்டு, ஒன்றும் தெரியாதவர் போல மெல்ல அப்பால் நகர்த்தியது. அந்த நகர்த்தலை அவள் எத்தனை வீட்டில் செய்திருக்கிறாள். மற்றவர்களுடைய முகத்தை முப்பது வருடம் பார்த்தவளுக்குத் தன் முகத்தை ஒருவர் அப்படிப் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தரம்.

"வரதன். எப்ப?"

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்தார். தோளிலிருந்த பையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஜனவரி. பாசலிலை. ஹோட்டலிலை. காலிலை இருந்த கட்டி நெஞ்சுக்குப் போட்டுது. அவரின்ரை பையிலை என்ரை நம்பர்தான் இருந்தது, பொலிஸ் எனக்கு எடுத்தவங்கள். போய் எரிச்சுக்கொண்டு வந்தனான். இது அவர்தான்." மடியிலிருந்த பையில் கையை வைத்தார்.

"ஜனவரியோ? அப்ப எழுதினது ஆர்?"

"நான்தான். அவரின்ரை போனுக்குப் பூட்டு இல்லை. அண்ணி தனிய, பிரஷர்காரி. எடுத்த எடுப்பிலை போனிலை எப்பிடிச் சொல்லுறது? உங்களிட்டைச் சொன்னா நாலு நாள் இழுத்து அந்த மனுசியைக் கொல்லுவியள் எண்டு நினைச்சன். நேரை வந்து சொல்லுவம், அவர் வாறனெண்ட நாளிலையே வருவம் எண்டு இருந்தன். ரெண்டு வரியோடை விட்டிருக்கலாம். மேலை பாத்தன், அண்ணா அண்ணிக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதினதில்லை. தாங்கேல்லை. அதுதான் எழுதினன். அண்ணியும் நல்லாச் சந்தோஷமா எழுதினவா. அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்லை."

இருபத்தேழு வருடம் முகம் பாராத இரண்டு பேர், இரண்டு பிணங்களின் பேரில், ஒருவருக்கொருவர் ஐம்பது நாளாக அன்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமும் துக்கமும் ஒன்றாக ஏறி அவள் காது சுட்டது.

"ஒரு விஷயம்தான் அண்ணியிட்டைக் கேக்கவேணும்" என்றார் வரதராஜன். "கோவத்திலை இல்லை. அவர் சாக முன்னம் வீட்டுக்கு மூண்டு தரம் எடுத்திருக்கிறார். பொங்கல் ராத்திரி. இஞ்சை விடிஞ்சு பத்து மணி. கையிலை போனோடைதான் கிடந்தவர். அந்த ஊர் பாஷை தெரியாது, அம்புலன்ஸ் நம்பர் தெரியாது, வேறை ஆருக்கு எடுப்பார்? ஒருத்தர் எடுத்து, ஹோட்டல்காரனைக் கூப்பிடுங்கோ எண்டு சொல்லியிருந்தா காணும். டொக்டர் சொன்னவர், ஒரு மணித்தியாலம் உயிர் இருந்திருக்குமாம். அண்ணி ஏன் எடுக்கேல்லை?"

ரஞ்சினியின் வாய்க்குப் பதில்கள் வந்தன. குளிக்கப் போயிருப்பா. போன் சார்ஜில் கிடந்திருக்கும். காது கேட்டிராது. மூன்றும் நல்ல பதில்கள், முப்பது வருடத்தில் தேய்ந்து வழவழப்பானவை. அக்கா இனி எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. வரதராஜன் ஒன்றும் சாப்பிடவில்லை. மேசையிலிருந்த இரண்டு பேரின் சாப்பாடும் தொடாமல் இருந்தது.

"அக்கா செத்து அப்ப ஆறு நாள்" என்றாள் ரஞ்சினி. "போன் என்ரை பையுக்குள்ளை கிடந்தது. அடிக்கிறதைப் பாத்தனான். சிப்பை மூடினனான்."

வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு சாவை ஒரே மூச்சில் சொன்னாள்.

வரதராஜன் படுக்கையறைக் கதவைப் பார்த்தார். பிறகு சுவரில் படம் கழற்றிய இடத்தில் தெரிந்த வெளிறிய சதுரத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கி முடிய வெகுநேரம் எடுத்தது. அவள் படி எதுவும் வைத்துக் கொடுக்கவில்லை.

"அண்ணியின்ரை சாம்பல்?"

"கரைச்சாச்சு. பீச்சிலை."

"பீச்சுக்குப் போனனான், சந்தோஷமா இருக்கிறன் எண்டு எழுதின அண்டைக்கோ?"

"ஓம்."

அவர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். அண்ணனை அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போவார் என்று அவள் நினைத்தாள், வைக்கவில்லை. வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மாவுக்கு நாலு நாள் எடுத்தனீங்கள். உங்களிலை பிழை சொல்லி இருபத்தேழு வருஷம் திரிஞ்சன். கடைசியிலை நானும் உங்களைப்போலைதான் செய்தனான்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஏழரைக்கு மிருணாளினி வேலையிலிருந்து நேரே அங்கே வந்தபோது மேசையில் வீட்டு இடியப்பமும் கடை இடியப்பமும் காய்ந்துபோய் இருந்தன. தாய் கதிரையில் இருந்தாள். மகள் பசியோடு வந்திருந்தாள், பையைக் கூட இன்னும் இறக்கவில்லை. ரஞ்சினி அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை.

"உன்ரை சித்தப்பா செத்துப்போட்டார்" என்றாள். "நான் போனை எடுக்கேல்லை."